கத்தாத பெட்டி

எங்கள் தெருவில் ஜோல்தோஷைத் தெரியாதவர் இல்லை. பஸ் ஓட்டுகிறவன். வீடு திரும்பினால் பழைய ரேடியோவோ சலவை இயந்திரமோ எதையாவது பிரித்துப்போட்டு, எந்தக் கம்பியில் எந்த சிக்னல் ஓடுகிறது என்று மீட்டரை வைத்துத் தேடுவான். ஒரு பிரயோஜனமும் கிடையாது, அவனுக்கு அது ஒரு சுகம். தம்பி மெதெரும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டான்.

குளிர்காலத்தில் பிஷ்கேக்கில் நாங்கள் இழுப்பது பாதி கரிப்புகைதான். கரி முழுக்க எரியுமுன் புகைபோக்கியை அடைத்துச் சூட்டைப் பிடித்துவைக்கும் கெட்ட புத்தி எங்கள் எல்லோருக்கும் உண்டு. மெதெரும் அப்படித்தான் அடைத்துவிட்டுப் படுத்தான். எழவில்லை. மனைவி அய்சுலூ கைக்குழந்தையோடு தாய்வீட்டில் இருந்ததால் தப்பினாள். தெருவில் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, விஷவாயு வந்தால் கத்தும் பெட்டி அவன் சுவரிலும்தான் இருந்தது.

"அது ஏன் அத்தான் கத்தல? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றாள் அவள்.

பெட்டி செய்தவனைச் சந்திக்கு இழுக்காமல் விடமாட்டேன் என்று ஜோல்தோஷ் அதைப் பிரித்து, முற்றத்தில் தணல்சட்டிக்கு மேல் பிடித்தான். சிவப்பு விளக்கு மின்னியது. சிப் கத்தச் சொல்லி சிக்னல் அனுப்பியது. ஒலிப்பானுக்குச் சற்று முன்னால் அது நின்றுபோனது. அங்கே பிளேடால் அறுத்த கோடு, அதன்மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. பிறகு ஒட்டிக்கொள்ள அடையாளம் வேண்டுமே என்று அறுத்த இடத்தில் பொட்டு வைப்பது ஜோல்தோஷின் வழக்கம். தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

அந்தச் சனியன் கத்துவதால் பிள்ளை தூங்குவதில்லை என்று அய்சுலூ போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வான்? பெட்டி போலி என்று சொல்லிவிட்டான்.

மெதெரின் நாற்பதாம் நாள் விருந்துக்குப் பக்கத்து வீட்டில்தான் போர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்தார்கள். எடுக்கப் போன ஜோல்தோஷ் அங்கே சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தான். பெட்டி எங்கே என்று அந்த வீட்டுக்காரி சபீராவைக் கேட்டான்.

"நீதானே போலின்னு சொன்ன? தெருவே கழட்டிப் போட்டுருச்சு. எங்க வீட்டுல பிள்ளைங்க வெளயாடுதுங்க."

அவளுக்கு மூன்று பிள்ளைகள். பின்னால் கரியடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஜோல்தோஷ் திரும்பி வந்து பந்தியில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். பெட்டி நல்ல பெட்டி, அறுத்தது என் தம்பி, அறுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான் என்றான். யாரும் அய்சுலூவின் பக்கம் பார்க்கவில்லை.

அவளே வாயைத் திறந்தாள். "அந்த நகப்பூச்சு என்னுதுதான். கேட்டாரு, கொடுத்தேன். எதுக்குன்னு கேக்கல."

சபீரா எழுந்து, பிள்ளைகளிடமிருந்து பெட்டியை வாங்கி மாட்ட வீட்டுக்குப் போனாள்.