கத்தக் கூடாத இடத்தில் தேள்

பட்டாசுக் கம்பெனியில் வேலை என்றால் நெருப்புக்குத்தான் பயப்படுவோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நெருப்பு வராமல் பார்த்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும், இந்தப் பூச்சிபொட்டுகளை எந்தக் கேட்டில் நிறுத்துவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றுக்கொன்று நல்லாத் தள்ளி நிற்கும். சுற்றி வேலி, வேலி ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள். இங்கே எண்பது பேரை மேய்க்கிற எனக்கு, வீட்டில் பல்லி விழுந்தால்கூடக் கட்டிலை விட்டு இறங்கக் கால் வராது. உங்களிலும் அப்படி நாலு பேர் இருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எண்பது பேர் ஓடிய கதை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பேப்பர் குழாய் அடுக்கியிருந்த ரூமில் ஈரம் தட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தலையை நீட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி சுவரிலிருந்து என் தோள்மேல் தாவியது. “ஐயோ அம்மா!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

வீட்டில் கத்தினால் என்ன ஏது என்று கேட்பார்கள். எங்கள் கம்பெனியில் கேட்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் உயிர் போய்விடும். போட்டது போட்டபடி எண்பது பேரும் வேலியைப் பார்த்து ஓடினார்கள். வேலை பார்க்கிற இடத்தில் செருப்புக்கு அனுமதி இல்லாததால் எல்லாருக்கும் வெறுங்கால். நாங்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் ஓடினார்கள். வேலியோரம் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் புகையையும் காணோம், சத்தத்தையும் காணோம். நான் மட்டும் தோளைத் தட்டிக்கொண்டே வருகிறேன்.

“பூச்சி” என்றேன். ஒருத்தி சிரித்தாள், அவ்வளவுதான், எண்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, உயிரோடு இருக்கிறோம் என்கிற சிரிப்பு. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருபது வருஷமாகக் குழாய்க்குள் மருந்து செலுத்துகிற பொன்னுத்தாயக்கா, காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

“ஏந்தாயி, ஒரு பூச்சிக்காக எம்பது பேர முள்ளுக்குள்ள எறக்கி விட்டுட்டியே. அது பாவம், அங்கன தனியாவுல்ல கெடக்கு!”

சிரட்டைக்குள் ஒருத்தர்

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ரூமுக்குள் கையில் மருந்துத் தட்டு இருக்கும். மருந்து என்றால் குடிக்கிற மருந்தில்லை, வெடிக்கிற மருந்து. என் கத்தலைக் கேட்டு யாராவது அந்தத் தட்டைத் தரையில் போட்டிருந்தால்? ஒரு உராய்வு போதுமே! பூச்சி கடித்தால் ஒரு ஆளுக்கு வலிக்கும். தட்டு விழுந்தால் ரூமோடு போய்விடும்.

மறுநாளே ஒரு சட்டம் போட்டேன். பூரானோ தேளோ எது வந்தாலும் யாரும் கத்தக் கூடாது. இருந்த இடத்திலேயே ஒரு கையைத் தூக்க வேண்டும், பார்த்தவர் வந்து உதவ வேண்டும். அடிக்கவும் கூடாது. மற்ற ஊரில் தேளைக் கண்டால் செருப்பாலோ கல்லாலோ ஒரே போடு. மருந்து சிந்தியிருக்கிற தரையில் கல்லைப் போட்டால் தேளோடு நாமும் கிளம்ப வேண்டியதுதான். அதனால் ரூமுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு பழைய காலண்டர் அட்டை. சிரட்டையால் மூடி, அடியில் அட்டையைச் சொருகி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் விட வேண்டும்.

ஒருநாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஒரு அதிகாரி வந்தார். ஆபத்து நேரத்தில் பதறக் கூடாது என்று அரை மணி நேரம் அழகாகப் பேசினார். பேசிவிட்டு ரூம்களைச் சுற்றிப் பார்த்தவர், ஒரு வாசல்படியில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டையைக் கண்டு, “வேலை நேரத்துல தேங்காய் திங்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே பேனாவால் நிமிர்த்தினார். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு நட்டுவாக்காலித் தேள், வாலைத் தூக்கிக்கொண்டு. மனிதர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நாங்கள் ஒரு கையைத்தான் தூக்கச் சொல்லியிருந்தோம், அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நல்லவேளை, அட்டை எடுக்கப் போயிருந்த வாட்ச்மேன் அண்ணாச்சி அப்போதுதான் திரும்பி வந்தார். சிரட்டையை மறுபடி கவிழ்த்துவிட்டு அதிகாரியைப் பார்த்து வருத்தமாகச் சொன்னார்:

“உள்ள ஆளு இருக்காகல்ல சார். தொறக்குறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்கப்படாதா?”

குளவியிடம் வேலை படி

பொன்னுத்தாயக்காவின் மகள் செல்விக்குக் குழாய் அடைக்கிற வேலை. பேப்பர் குழாயின் ஒரு முனையில் களிமண்ணை வைத்து இறுக்கி அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வாய் அடைக்காமல் பேசிக்கொண்டே வேலை பார்ப்பதால் பாதிக் குழாயில் அடைப்பு உதிர்ந்துவிடும். ஒருநாள் மூலையில் கிடந்த பழைய கட்டு ஒன்றைப் பிரித்தால், பத்துப் பதினைந்து குழாயில் மண் வழுவழுவென்று, தட்டினாலும் விழாத மாதிரி அடைத்திருந்தது. “இது யார் வேலை? கையெடுத்துக் கும்பிடணும்” என்று பாராட்டிக்கொண்டே ஒன்றைப் பிரித்தேன். உள்ளே குளவிப் புழு, அது தின்பதற்குக் குட்டிக் குட்டிச் சிலந்திகள் வேறு. நான் அதைக் கீழே வைத்த வேகத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் கத்தவில்லை, கையைத் தூக்கினேன். பொன்னுத்தாயக்கா வந்து குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்:

“ஏளா செல்வி, ரெண்டு வருசமா படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், இப்பிடி அடைன்னு. போ, இந்தக் குளவிகிட்ட ஒரு வாரம் வேல படிச்சுட்டு வா.”

பொன்னுத்தாயக்கா நடந்த நடை

இது மட்டும் சிரிப்புக் கதை இல்லை.

ஐப்பசி, தீபாவளிக்கு முந்தின ஆர்டர் நெருக்கடி. முந்தின நாள் நல்ல மழை. கரிசல் வெடிப்புகளில் தண்ணீர் புகுந்தால் உள்ளே குடியிருக்கிற தேளெல்லாம் மேடு தேடி ரூமுக்கு வந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். காலையில் ஒவ்வொரு ரூமிலும் ரப்பர் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை உட்கார வைத்தேன். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது.

பதினோரு மணி இருக்கும். மருந்து செலுத்துகிற ரூமைக் கடந்து போகிறேன், பொன்னுத்தாயக்கா இடது கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். மடியில் மருந்துத் தட்டு, வலது கை அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. முகமெல்லாம் வேர்வை. தூக்கிய கையின் மணிக்கட்டில் தேள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே கொட்டிவிட்டது என்று அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது, வலியில் பல்லால் கடித்த கடியில் ரத்தம். அடுத்த ரூமில் செல்வி பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. அந்த வாரம் ஆள் பற்றாமல் அவளையும் மருந்து ரூமுக்கு மாற்றியிருந்தேன். அவள் கையிலும் தட்டு.

எனக்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. விழுங்கினேன். வாசலில் பதித்திருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்கு. அதைத் தொட்டேன். ஒவ்வொரு அடியாக வைத்து, தட்டை அவர் மடியிலிருந்து வாங்கி மூலையில் இறக்கினேன். சாமி சத்தியமாக, என் மகளைப் பிரசவத்தில் வாங்கின நர்சுகூட அவ்வளவு பதமாக வாங்கியிருக்க மாட்டாள். அக்கா கையை மெல்லத் தாழ்த்தவும் தேள் பாயில் இறங்கியது. அதைச் சிரட்டையால் மூடினேன். நானேதான் மூடினேன்!

பொன்னுத்தாயக்கா எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். செல்வியின் ரூம் வாசலைத் தாண்டும்போது உள்ளே பார்த்து, “கடைக்குப் போயிட்டு வாரேன்ளா” என்று சாதாரணமாகச் சொன்னார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே நின்ற வேனில் ஏற்றி, வண்டி ரோட்டுக்கு வந்து, கம்பெனி கண்ணுக்கு மறைந்த பிறகு என் பக்கம் திரும்பினார். “தாயி, இப்பக் கத்திக்கிடட்டுமா?” என்று கேட்டார். “கத்துங்கக்கா” என்றேன். ஆத்தாடீ, அவர் கத்தின கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். நானும் சேர்ந்து கத்தினேன், அழுதேன். எனக்கு எந்தத் தேளும் கொட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயந்தரம் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “அம்புட்டு வலியில ஒரு சத்தம்கூடப் போடாம எப்படிக்கா வந்தீக? என் சட்டத்துக்கா அவ்வளவு மரியாதை?” என்று கேட்டேன். அக்கா டீயை ஊதினார்.

“ஓஞ் சட்டமாவது ஒண்ணாவது. நாங் கத்துனா எல்லாரும் வெளிய ஓடுவாக தாயி, எம் மக மட்டும் தட்டப் போட்டுட்டு என்னையத் தேடி உள்ள ஓடியாருவா.”

மற்ற ஊர்களில் தேள் கொட்டினால் கொட்டின இடத்திலேயே கத்திவிடலாம், எங்கள் ஊரில் அதற்கும் வேன் பிடித்துத்தான் போக வேண்டியிருக்கிறது.