வெள்ளைக் காரின் மேல் மஞ்சள் தூள்

செய்த பிழையைப் பிழை என்று ஊரறியச் சொல்லும் திண்மை அறங்களுள் அரியது. இசோதானி என்னும் கடற்கரைச் சிற்றூரில் அது குடிகொண்ட உடம்புக்கு ஐம்பத்தேழு வயது. பங்குனி முழுவதும் மூக்கு ஒழுகும். பெயர் தொகுமாரு யசுஹிரோ.

பங்குனி மாலைகளில் அவர் தம் வெள்ளைக் காரைக் கழுவிக்கொண்டிருப்பார். மற்றப் பருவங்களில் அந்தக் கார் மழைநீரையன்றி வேறு நீர் கண்டதில்லை. கடலுக்கு அப்பாலுள்ள பாலையிலிருந்து மேல்காற்று மஞ்சள் மண்ணை அள்ளிவரும் காலம் அது. கழுவிய காரில் இரவு படிந்ததை விடியலில் விரலால் துடைத்து நாவில் வைப்பார். பல்லிடை நறநறத்தால் மண். ஆறு மணிக்கு, தாம் வேலை பார்க்கும் ஊர் அலுவலகத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். "மலைக்கு அந்தாண்ட இருக்குற மிஷினுக்கு நம்ம கடல் எங்க தெரியப் போவுது?" என்பது, மாவட்டத் தலைநகரில் காற்றை அளக்கும் கருவியைப் பற்றி அவர் கருத்து.

அச்சொல்லுக்காகத் துறையில் பெண்கள் காத்திருப்பார்கள். படகில் வந்திறங்கும் வகாமே என்னும் உண்ணும் கடற்பாசியைக் கயிற்றில் உலர்த்துவதா, உப்பிலிடுவதா? ஈரப்பாசியில் மண் ஒட்டினால் எத்தனை நீரில் அலசியும் நீங்காது. உப்பிலிட்டால் கெடாது, ஆனால் வெயிலில் காய்ந்ததற்குள்ள மதிப்பு அதற்கு இல்லை. வகாமேயின் பருவமோ சில வாரங்களே.

இவ்வாண்டு அவர் மனைவி இகுயோ ஒரு தடை விதித்தாள். "ஊர்த் தூசியெல்லாம் நக்கிட்டு வந்து வீட்டுல ராத்திரி முழுக்கத் தும்முறீங்க. டாக்டர் என்ன சொன்னாரு? மாஸ்க்கைக் கழட்டக் கூடாது, அவ்வளவுதான்."

கழற்றவில்லை. அன்று விடியலில் பானெட்டின் மேல் மஞ்சள் தடித்துக் கிடந்தது. கண்ணால் கண்டதே போதும் என்று எண்ணினார். "இன்னிக்கு மஞ்சள் மண் வந்திருக்கு. துணி, பாசி எதையும் வெளியில போட வேண்டாம்" என்று ஒலிபெருக்கி முழங்கியது.

உலர்த்தும் பெண்களுக்குத் தலைவி நிஷியோ கியோமி. ஏழு மணிக்கே அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். "யசுசான், வானம் கழுவிக் கவுத்த தட்டு மாதிரி இருக்கு. உங்க மண்ணு எந்த பஸ்ல வருதாம்?"

"வந்து இறங்கிடுச்சு கியோமிசான். கார் மேல இருக்கு."

பாசி முழுவதும் உப்புத் தொட்டிக்குள் போயிற்று.

ஒன்பது மணிக்கு அவர் சன்னலைத் திறந்தார். துறைக்கு எதிரே ஆமைப்பாறையில் நிற்கும் ஐந்து பைன் மரங்களையும் தனித்தனியே எண்ண முடிந்தது. மண் வந்த நாளில் பாறையே தெரியாது. கீழே இறங்கிப் போய், மாஸ்க்கை இறக்கி, பானெட்டைத் துடைத்து நாவில் வைத்தார். நறநறக்கவில்லை. மாவு போல் மெத்தென்றிருந்தது. பதினொரு தும்மல் தும்மினார். மண்ணன்று, மலைச்சரிவிலுள்ள சுகி மரங்களின் மகரந்தம்.

செய்தியைக் கேட்ட அலுவலகப் பிரிவுத் தலைவர் மேசையை விட்டு எழாமலே வழி சொன்னார். "காத்து திரும்பிடுச்சுன்னு சொல்லிடுங்க. காத்துக்கிட்ட யாரு போய்க் கேக்கப் போறா? தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நெஜமாவே மண்ணு வரும்போது ஒருத்தரும் நம்ம பேச்சைக் கேக்க மாட்டாங்க."

அந்த அச்சம் யசுஹிரோவுக்கும் இருந்தது. மரங்களை மீண்டும் ஒருமுறை எண்ணினார். பின் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார்.

"காலையில நான் சொன்னது தப்பு. வந்தது மண்ணு இல்ல, மகரந்தம். சரியாப் பாக்காம சொல்லிட்டேன். பாசி போட்டவங்க எல்லாரும் மன்னிக்கணும். தொகுமாரு பேசுறேன்."

அறிவிப்பில் தம் பெயர் சொல்வது அலுவலக வழக்கமன்று.

நண்பகலில் துறைக்குச் சென்று, இடுப்பு மடியக் குனிந்து நின்றார். பெண்கள் கை ஓயாமல் உப்பு அள்ளினார்கள்.

"நாக்குல வச்சுப் பாக்கலியா?" என்றாள் கியோமி.

"மாஸ்க் போட்டிருந்தேன்."

"மைக்குல பேசும்போது மட்டும் வாய் நல்லாத் தெறந்துச்சே!"

தொட்டியோரம் சிரிப்பு எழுந்தது. அவர் நிமிரவில்லை. கியோமி ஒரு சோடி ரப்பர்க் கையுறைகளை அவர் காலடியில் எறிந்தாள். மாலை வரை உப்பு அள்ளினார்; வீடு திரும்பிக் காரைக் கழுவினார்.

மறுநாள் விடியலில் கார் மீண்டும் மஞ்சளாயிருந்தது. ஐந்தரைக்குப் படகுகள் கரை சேர்ந்தன. பாசி குவிந்து நீர் சொட்டியது. உலர்த்தும் கயிறுகள் வெறுமையாய் ஆடின. உப்பு மூட்டைகள் கட்டவிழாமல் கிடந்தன. பெண்கள் கை கட்டி, கம்பத்தின் மேலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றார்கள். "இன்னும் ஆறு ஆவலடி, இருங்க" என்றாள் கியோமி.

மேட்டுத் தெருவில் யசுஹிரோ மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டார். இகுயோ வாசலில் நின்று பார்த்தாள். அவர் பானெட்டைத் துடைத்து, கண்ணை மூடி, விரலை நாவில் வைத்தார்.

அந்த மனை நீடு விளங்குக. அதன் கொடிக்கயிற்றில் தூய ஆடை உலர்க. அங்கு உறைவோர் மூச்சு என்றும் இனிதே இயங்குக.