சுற்றும் தட்டில் பொங்கிய பால்

மஸ்கட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. எங்கள் கம்பெனி ஆபீஸில் டீ போடுகிற சின்ன அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. ஆறிப்போன டீயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், கண்ணாடித் தட்டின் மேல் கோப்பை மெதுவாகச் சுற்றும். நெருப்பு இல்லை, புகை இல்லை. ஒரு நிமிஷத்தில் மணி அடிக்கும், ஆவி பறக்கும். மற்றவர்கள் எடுத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்பேன். எட்டாவதோடு நின்றுவிட்ட டிரைவர் நான். அதன் சூட்சுமம் எனக்குத் தெரியாது. புகை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் திண்டிவனத்தில் என் மனைவி தனலட்சுமிக்குப் புகை ஆகாமல் போயிருந்தது. விறகடுப்பில் ஊதி ஊதி மூச்சு இழுக்க ஆரம்பித்து, விழுப்புரம் டாக்டர், "இனிமேல் அடுப்பங்கரைப் பக்கம் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஆகவில்லை. காஸுக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணிதான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் அந்த வருஷப் பொங்கலுக்குத் தனம் தன் கையால் பானை வைக்கவில்லை. அண்ணி பொங்கினாள், இவள் தள்ளி நின்று கும்பிட்டாள். எங்கள் தெருவில் போன் கிடையாது. லீவில் போகிறவர்கள் கையில் கேசட் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அந்தப் பொங்கல் முடிந்து வந்த கேசட்டில் அவள் அழவில்லை. "அடுத்த பொங்கலுக்கு நீங்க வர்றப்ப என் கையால வெக்கணும்ங்க. அவ்ளோதான்" என்றாள். அதற்குப் பிறகு நாடா வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே லீவுக்கு மூன்று மாதம் முன்பே மஸ்கட்டின் கடைத்தெருவான ரூவியில் ஒரு கடைக்குப் போனேன். சலீம் என்று ஓமானிப் பையன், வெள்ளை அங்கியில் பால் போல இருந்தான். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து எல்லாவற்றையும் காட்டினான். ஒருவகை வெறும் மைக்ரோவேவ். சூடு பண்ணும், வேகவைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று அதோடு கன்வெக்ஷனும் சேர்ந்தது. உள்ளே அனல் காற்று சுழன்று சுடும், வறுக்கும், கேக் கூடச் செய்யும். அதைச் சுமப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். நான் தனத்தின் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்குமா? கத்திரிக்காய் சுடுமா? மண்பானை வைக்கலாமா? மூன்றுக்கும் இரண்டாவது பெட்டி தலையாட்டியது. பித்தளை, எவர்சில்வர் மட்டும் மைக்ரோவேவில் ஆகாது, மண் ஆகலாம் என்றான்.

நாலாவது கேள்வி: பால் பொங்குமா?

சலீம் நெஞ்சில் கை வைத்தான். சதீக் என்றால் அரபியில் நண்பன்; எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவான். "சதீக், பொங்காது. நேரம் வைத்தால் அதுவே நின்றுவிடும். கேரண்டி!"

"எனக்குப் பொங்கணும்."

"பொங்காது என்கிறேன், பயப்படாதே."

"பொங்காவிட்டால் எனக்கு வேண்டாம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டான். அவனிடமும் சொன்னேன். பொங்கி வழிந்தால் பெட்டி பாழாகும் என்று இருவரும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். இந்த ஊரில் பால் பொங்கினால் நஷ்டம். நம் ஊரிலும் மற்ற நாளில் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தை முதல் நாள் அது சாமி கொடுக்கிற பதில். இதை ஹிந்தியில் சொல்ல எனக்கு வரவில்லை. கடைசியில் பக்கத்து டீக்கடையில் பால் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நானே வைத்தேன். சலீம் துண்டோடு காவல் நின்றான். பால் எழும்பி விளிம்பைத் தாண்டியதும் என்னை அறியாமல் இரண்டு கையையும் தூக்கி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. சலீம் பதறிப்போய், "மன்னித்துக்கொள் சதீக், துடைத்துவிடுகிறேன்" என்றான்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்து என் சந்தோஷம் பாதியானது. தட்டு சுற்றுகிறது. சுற்றுகிற தட்டில் பால் எந்தப் பக்கம் வழிந்தது என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பக்கத்தில் அதுதான் முக்கியம். நான் இங்கே வருவதற்கு முந்தைய பொங்கலில், வாசலில் வைத்த பானை மேற்குப் பக்கம் வழிந்தது. அண்ணி உடனே, "மேற்கால வழியுது பாரு, இந்த வீட்டு ஆளு ஒருத்தரு தூரமாப் போவாரு" என்றாள். சித்திரையில் எனக்கு விசா வந்தது. அன்றிலிருந்து தனத்துக்கு மேற்கு என்றாலே பயம். தன் கையால் வைக்கும் பானை கிழக்கே வழிய வேண்டும், நான் ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது அவள் வேண்டுதல். வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

தட்டு சுற்றாத பெட்டியும் கடையில் இருந்தது. ஆனால் அது வெறும் மைக்ரோவேவ்; மல்லாட்டை வறுக்காது. ஒன்றில் திசை உண்டு, வறுவல் இல்லை. மற்றதில் எல்லாம் உண்டு, திசை இல்லை. கேசட்டில் விவரமாகச் சொல்லி, உள் உயரத்தை ஒரு நூலால் அளந்து அந்த நூலையும் சேர்த்து அனுப்பினேன். பதில் கேசட்டில் முதலில் அண்ணியின் குரல்தான் கேட்டது.

"இன்னா தம்பி, பொட்டிக்குள்ள பொங்கலா? சூரியன் இன்னா, உள்ள எட்டிப் பாத்துக்கினு இருப்பாரா?"

"கண்ணாடிக் கதவுதான் கீதுல்லக்கா, பாப்பாரு. கெழக்கப் பாத்து வெச்சிட்டாப் போச்சி" என்றது தனத்தின் குரல். பிறகு என்னிடம் பேசினாள். "நீங்க சுத்துறதையே வாங்கிக்கினு வாங்க. மயிலத்துல நாம முருகரைச் சுத்திதானே வர்றோம்? பானையும் சுத்தி வரட்டும். வலமா சுத்துதா, எடமா சுத்துதான்னு மட்டும் பாத்துக்குங்க. எடமா சுத்துனா வேணாம்."

இவ்வளவு நாள் நான் குழம்பியதை அவள் ஒரு மூச்சில் தீர்த்துவிட்டாள். மறுபடி சலீமிடம் போய், பெட்டியை ஓட்டிக் காட்டச் சொல்லி, தட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று குனிந்து பார்த்தேன். வலமாகத்தான் சுற்றியது. "முருகா" என்றேன். இதுவரை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன், இதை ஒருவரும் கேட்டதில்லை என்று சலீம் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தான்.

மார்கழிக் கடைசியில் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விழுப்புரம் போய் ஸ்டெபிலைசரும் பவர் பிளக்கும் வாங்கி வந்தேன். குயவரிடம் என் நூலைக் காட்டித் தனம் சின்னப் பானை ஒன்று செய்து வைத்திருந்தாள். பொங்கல் காலையில் வாசலில் கோலம் போட்டு, கோலத்தின் நடுவில் மேஜை, மேஜை மேல் பெட்டி, இரண்டு பக்கமும் கரும்பு. கதவு கிழக்கே பார்த்திருந்தது. பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பால் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத் தனம் பொத்தானை அழுத்தினாள். தெருவே வந்து நின்றது.

தட்டு சுற்றியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பாலில் ஆடைகூட அசையவில்லை. உள்ளே விளக்கு மங்கி, ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. லோ வோல்டேஜ். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மற்ற வாசல்களில் எல்லாம் பொங்கி முடிந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல, பேஜாரு புடிச்ச பொட்டின்னு" என்றார் என் அண்ணன். "தனம், உங்க அக்கா அடுப்புல கொண்டாந்து வெச்சிடும்மா. நேரம் போவுது."

தனம் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அண்ணி பார்த்தாள் போலிருக்கிறது. அண்ணன் பக்கம் திரும்பி, "பொட்டிய இன்னாத்துக்குச் சொல்ற? உன் மோட்டாரு கொல்லையில ஓடிக்கினு கீது. கரண்டை அதுதான் குடிக்குது" என்றாள்.

"தண்ணி பாயுது, இப்ப நிறுத்தினா..."

"மல்லாட்டைக்கு அரை மணி தண்ணி இல்லன்னா செத்தாப் போயிடும்? என் தங்கச்சி ஒரு வருசமா காத்துக்கினு கீறா!" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணியே கொல்லைக்கு ஓடினாள். போகிற போக்கில் தெருவுக்கும் ஒரு சத்தம்: "எல்லாரும் கிரைண்டரை நிறுத்துங்கடி, டிவிய நிறுத்துங்க! ஜல்தி!"

மோட்டார் நின்றது. ஒவ்வொரு வீடாகக் கிரைண்டர் சத்தம் அடங்கியது. பெட்டிக்குள் விளக்கு பளிச்சென்று ஏறியது. பாலின் ஓரத்தில் நுரை கட்டி, மஞ்சள் கொத்தைத் தொட்டு, எழும்பி, பானை வாய் முழுக்க ஒரு பூப்போல விரிந்து வழிந்தது. தெருவே சேர்ந்து போட்ட பொங்கலோ பொங்கலில் கரும்பு மேல் இருந்த காக்கை பறந்து போனது. தனம் சிரித்தாள், இருமவில்லை, அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது புகையால் வந்த தண்ணீர் இல்லை.

"எந்தப் பக்கண்டி வழிஞ்சுது?" மூச்சு வாங்க ஓடிவந்த அண்ணி கேட்டாள்.

தனம் குனிந்து பார்த்தாள். பானை முழுக்கச் சுற்றி வழிந்து, தட்டில் வட்டமாக நின்றது பால். "எல்லாப் பக்கமும்க்கா" என்றாள். என்னைப் பார்த்து, "கெழக்காலயும் இருக்கு. மேற்காலயும் இருக்கு. நீங்க போய்க்கினு வந்துக்கினு இருப்பீங்க" என்றாள். அதில் வருத்தம் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரிதாக அவள் கையில் அரிசி இருந்தது. பானையில் போடத் திரும்பிவிட்டாள்.

இப்போது மறுபடி மஸ்கட். நேற்று ஒரு கேசட் வந்தது. முதலில் பேச்சே இல்லை. ம்ம்ம் என்று பெட்டி ஓடும் சத்தம், உள்ளே மல்லாட்டை படபடவென்று வெடிக்கும் சத்தம். எங்கள் அறையில் நாலு பேர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். டேப் ரிக்கார்டரின் சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தன; ஒன்றில் நாடா குறைய, மற்றதில் ஏறியது. மணி அடித்தது. தனம் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி சொன்னாள்: "ஆயிடுச்சி, எடுங்க. சூடா கீது, துணி வெச்சிப் புடிங்க."

என் கை தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டது.