அத்தை தேடிய டிரைவர்

எங்கள் வீட்டில் கார் வாங்கப் போகிறார்கள் என்று ஆரணியில் எங்கள் தெரு முழுக்க நம்பிய நாட்கள் உண்டு. காரணம் என் அத்தை. வாசலை ஒட்டி இருந்த போனில் யார் யாரையோ அழைத்து, “எங்க தேடியும் டிரைவர் கெடைக்கலைங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்க கிட்ட இருக்குமா?” என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரு அதை வேறு மாதிரி புரிந்துகொண்டது.

அத்தை அப்பாவின் தங்கை. கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் ஐந்தாவது படித்த வருடம் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. அவள் கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. கேட்டதற்கு இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றாள். இவ்வளவு கெட்டிக்காரி துணி தேய்க்கும்போது மட்டும் எப்படி அசந்துபோனாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவள் கெட்டிக்காரி என்பதில் சந்தேகமே இல்லை. பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவதென்றால் எங்கள் ஊரில் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் தீட்டுவார்கள். அத்தை அதைக் கம்ப்யூட்டரில் செய்யக் கற்றிருந்தாள். வளையலை விற்று, சென்னையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், புடவையின் கரையை விரித்துப் படம் பிடிக்கிற அளவுக்குப் பெரிய ஸ்கேனர் ஒன்றும் வாங்கி முன்னறையில் வைத்தாள். வேலையும் வர ஆரம்பித்தது.

அப்போதுதான் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்தது. சரிசெய்ய வந்தவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டர் பிழைத்தது, ஸ்கேனர் செத்தது போலக் கிடந்தது. இரண்டும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சின்ன புரோகிராம் வேண்டுமாம். அதற்குப் பெயர்தான் டிரைவர். அதுவும் சேர்ந்து அழிந்துவிட்டது. ஸ்கேனர் செய்த கம்பெனியையோ எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள்.

“இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கோங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

தறிகளுக்கு வேலை கொடுக்கும் முதலாளி ஒருவர், தன் அம்மாவின் கல்யாணப் புடவையை அத்தையிடம் கொடுத்து வைத்திருந்தார். அதே கரையை மகள் கல்யாணத்துக்கு நெய்ய வேண்டும். “ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியலன்னா சொல்லிடும்மா, காஞ்சிபுரத்துல குடுத்துக்கறேன்” என்றார்.

அதே ஞாயிற்றுக்கிழமை கலசப்பாக்கத்திலிருந்து அத்தையின் புகுந்த வீட்டுக்காரர்கள் பேச வருவதாக இருந்தது. “மிஷினும் பூட்ச்சி. இனிமே இங்க இருந்து இன்னாம்மா பண்ணப் போற?” என்றார் அப்பா. அத்தை போனை எடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை முள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். தேய்த்த காக்கிச் சட்டை, பையில் லைசென்ஸ். செய்யாரில் கம்பெனி பஸ் ஓட்டியவராம்.

“டிரைவர் தேடிகினு கீறீங்கன்னு சொன்னாங்க. வண்டி எங்கம்மா?”

அத்தை சிரிக்கவில்லை. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஸ்கேனரைக் காட்டினாள். “இதாங்க வண்டி. மன்னிச்சிக்கோங்கண்ணா, உங்கள ஜல்தியில ஓடிவர வச்சிட்டாங்க.”

அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இதுக்கு ஸ்டியரிங்கே இல்லியேம்மா” என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அத்தை திடீரென்று ஸ்கேனரைக் கவிழ்த்துப் போட்டாள்.

“அண்ணா, இத கொஞ்சம் கெட்டியா புடிச்சிக்கிறீங்களா? மேல இருக்கிற பேருதான் மூடிட்ட கம்பெனியோடது. உள்ள வேற யாராவது செஞ்சி குடுத்திருந்தா?”

டிரைவர் வேலைக்கு வந்தவர் பக்கத்து சைக்கிள் கடையில் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிவந்து, மடங்கி உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். மூடியைக் கழற்றினால், உள்ளே பச்சைப் பலகையில் பொடி எழுத்தில் வேறொரு கம்பெனியின் பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. அத்தை அதை வாய்விட்டுப் படித்தாள். மறந்துவிடக் கூடாது என்று என்னையும் திருப்பிச் சொல்லவைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரௌசிங் சென்டருக்கு ஓடினோம். அந்த எண்ணைத் தட்டியதும் சீன எழுத்தாக ஒரு பக்கம் திறந்தது. அத்தைக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது; எங்கள் எண் மட்டும் நடுவில் நின்றது. அதை நம்பி அழுத்தினாள். பாதி இறங்கும்போது கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் போனது. கடைக்காரர், “பேஜார்க்கா, நாளிக்கு வாங்க” என்றார். “பரவால்லப்பா, இருக்கேன்” என்று அத்தை அந்த இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பசித்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

சாயங்காலம் அது முழுதாக இறங்கியது. சி.டி.யில் போட்டு வாங்கிவந்தோம். வீட்டுக் கம்ப்யூட்டர், இது நம்பத்தகுந்ததல்ல, நிறுத்திவிடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. “உன்ன யாரு கேட்டாங்க?” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அத்தை தொடரச் சொல்லி அழுத்தினாள். ஸ்கேனர் ஒருமுறை முனகியது. கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. திரையில் கோடு கோடாகப் புடவைக் கரையில் இருந்த அன்னத்தின் அலகு வந்தது, பிறகு கழுத்து, பிறகு சிறகு. நான் துள்ளிக் குதித்தேன். அத்தை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்து டிசைனைப் பார்த்தார். வீட்டில் இன்னும் சில பழைய புடவைகள் இருப்பதாகவும் மறுநாள் காலையில் கொடுத்தனுப்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு கலசப்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். அம்மா வடை சுட்டு வைத்திருந்தாள். வந்தவர்களில் பெரியவர், “நடந்தது நடந்துப்போச்சி. நாளிக்கி நல்ல நாளு, பொண்ண கூட்டிகினு போறோம்” என்றார்.

அத்தை முன்னறையிலிருந்து எழுந்து வந்தாள். “நாளைக்கு எனக்கு வேலை இருக்குதுங்க” என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆமாங்க. அவளுக்கு வேலை கீது” என்றார்.

வந்தவர்கள் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். திங்கட்கிழமை வேலை இருந்தால் செவ்வாய்க்கிழமை வந்து அழைத்துப் போகலாமே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்துக்கொண்டே, அவர்கள் விட்டுப்போன வடைகளை எல்லாம் நானே தின்று தீர்த்தேன்.