ஹம்சாவின் டிராக்

ஹம்சாவுக்குப் பதினேழு வருஷமாக ஒரே வேலை: டிராக் பாடுவது. பெரிய பாடகி வந்து பாடும்வரை பாட்டில் ஒரு குரல் இருக்க வேண்டுமே, அதற்கு. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். ஆள் வந்ததும் துண்டை எடுத்துவிடுவார்கள். மயிலாப்பூரில் அவள் தெருவில் கேட்டால் "சினிமாவுல பாடறாளாமே" என்பார்கள். எந்தப் பாட்டு என்றால் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால்தானே!

தொண்ணூற்று நாலில் ஒரு கிளப் பாட்டு வந்தது. அந்தக் காலத்து அமெரிக்க ஓட்டல்களில் ஆடுவார்களே, அந்த ஸ்விங். தி. நகர் ஸ்டூடியோவில் ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று இருபது பேர். ஹம்சாவுக்குத் தனியே கண்ணாடி அறை.

"ஜாஸுக்கு உங்க குரல் நன்னா உட்கார்றதும்மா. பம்பாய் பாடகியோட தேதி கிடைக்கலைன்னா உங்களோடதையே வெச்சுடறேன்" என்றார் இசையமைப்பாளர் வெங்கடரமணன்.

மனுஷன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பாழாய்ப்போன ஆசை.

எல்லோரும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் வாசிக்க வேண்டும். ஒருத்தர் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை ட்ரம்பெட் இனாயத் பிசிறடித்தார். ஒருமுறை டிரம்ஸ்காரர் தும்மினார். கால் மரத்துப்போய், தொண்டை வறண்டு, பதினோரு டேக்கையும் அவள் முழு மனசோடு பாடினாள்.

பன்னிரண்டாவது டேக். கடைசி வரிக்கு முன்னால் பேண்ட் மொத்தமும் சட்டென்று நிற்கும் இடம். அந்த மௌனத்தில் அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது. போச்சு, இன்னொரு டேக் என்று நினைத்தாள். யாரும் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தது.

"அந்த மூச்சுதாம்மா பாட்டே!" என்றார் வெங்கடரமணன்.

"சூப்பரா கீதும்மா. இனிமே இத்த எவளும் தொட மாட்டா" என்றார் இனாயத்.

பத்து நாள் கழித்து அதே இனாயத்தான் எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டார்.

"பம்பாய்க்காரம்மா வந்து பாடிட்டாங்கம்மா. அந்த மூச்சு மட்டும் அவுங்களுக்கு வர்ல. ஏழு தபா இழுத்துப் பாத்தாங்க. கடசில உன்னுதையே வெச்சுட்டாங்க."

நன்றாகத் தூங்கி எழுந்து ஏசி காரில் வந்து இறங்கியவளுக்கு அது எப்படி வரும்? ஹம்சாவுக்கு வயிறெரிந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை.

கேசட் வந்த அன்றே அவள் கணவர் கிச்சா வாங்கி வந்தார். கூடத்தில் அதைப் போட்டுவிட்டு பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஹம்சா அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்க முழுக்க அந்தப் பாடகியின் குரல். அழகாகத்தான் பாடியிருந்தாள், பாவி. கடைசி வரி நெருங்கியது. பேண்ட் நின்றது. ஹம்சாவின் கத்தியும் நின்றது.

பெருமூச்சு கேட்டது.

கிச்சா பேப்பரைத் தாழ்த்தி அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, இடுப்பு வலிக்கறதா? சித்த உட்காரேன்."

அவளோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.