எதிரே நிற்பவரின் வலது கை

அந்தத் தொடக்கப் பள்ளியின் விளையாட்டு டீச்சருக்குக் குழந்தைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். முப்பத்தோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று பழகியவர். "வலது கை மேலே!" என்று வாய் சொல்லும். மேலே போவது இடது கை. புதிதாகப் பார்க்கிறவர்கள், பாவம், இந்த அம்மாவுக்கு வலது இடது தெரியாது போல என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காது அலங்காரத்துக்குத்தான், எல்லாம் கண்தான். எதிரே நிற்கும் டீச்சர் எந்தப் பக்கம் கையைத் தூக்குகிறாரோ அந்தப் பக்கத்துக் கையைத்தான் அதுவும் தூக்கும். பிள்ளை வலது கையைத் தூக்க வேண்டுமானால் டீச்சர் இடது கையைத் தூக்கியாக வேண்டும். கண்ணாடி பார்ப்பது போலத்தான். பயிற்சிக் கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிறகு அது ரத்தத்தில் ஊறிப்போகும்.

ஊறிப்போனதன் பலனை வீட்டில் அனுபவித்தவர் அவருடைய கணவர். அவரும் ஒரு மாஸ்டர்தான், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலுக்கடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைத்தவர். மனைவியோடு எங்காவது கிளம்பினால் டீச்சர் "வலது பக்கம் திரும்புங்க" என்று இடது பக்கம் கையைக் காட்டுவார்.

"டீச்சரம்மா, உன்னை நம்பி வண்டிய ஓட்டினா, நாம கல்யாணத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவங்களுக்குக் குழந்தையே பொறந்துடும்."

"பக்கத்துல உட்கார்ந்து அடுத்தவங்களை அதட்டுறது ஈசி. எதிர்ல நின்னு பாருங்க, தெரியும்."

இந்தச் சண்டையை இருவரும் சலிக்காமல் போட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இதுதான் சத்தம்.

பள்ளியிலும் டீச்சர் சண்டைக்காரிதான். விளையாட்டு பீரியட் என்றால் மற்ற டீச்சர்களுக்குச் சும்மா கிடக்கும் பீரியட். பாடம் முடியவில்லை, பரீட்சை வருகிறது என்று யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள். அதில் கணக்கு டீச்சர் கைதேர்ந்தவர். மழை தூறினாலே வாசலில் வந்து சிரித்துக்கொண்டு நிற்பார். விசில் டீச்சர் விட மாட்டார். "மூளைக்கு மட்டும்தான் பள்ளிக்கூடமா? கழுத்துக்குக் கீழ இருக்கறதை என்ன பண்றதாம்?" என்று வராந்தாவே அதிரும். மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஒரு அலமாரி. அதில் ஏழு பந்துகள், காற்று நிற்பது மூன்றில். ஸ்கிப்பிங் கயிறுகள், வளையங்கள், கோடு போட ஒரு டப்பா சுண்ணாம்புத் தூள். இந்த ராஜ்ஜியத்தின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள், மதிய இடைவேளைக்குப் பிந்திய பீரியடில், மூன்றாம் வகுப்பு பந்து எறிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண். அழுதுகொண்டே பேசினாள். மாஸ்டர் ஏதோ குழறினாராம். "பிரேக்" என்று சொல்ல வந்தாராம், வாய் கோணிவிட்டதாம். வலது கை தொப்பென்று மடியில் விழுந்ததாம். காலடியில் இருந்த பிரேக்கை அவரால் மிதிக்க முடியவில்லையாம். அந்தப் பெண்ணே வண்டியை ஓரம் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். நல்ல மாணவி.

டீச்சர் போனை வைத்தார். விசில் ஊதினார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வகுப்பில் கொண்டுபோய் விட்டார். பந்துகளை எண்ணினார், ஏழும் இருந்தன. அலமாரியைப் பூட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"பந்தை எண்ணிப் பூட்டிட்டுப் போனாங்களாம்!" என்று ஆசிரியர் அறையில் வெகு நாள் பேசினார்கள். பேசியது தப்பில்லை, நடந்ததைத்தானே பேசினார்கள். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டிருந்தால் டீச்சருக்கும் பதில் தெரிந்திருக்காது. அன்று மரத்துப்போன மனசு அதன் பிறகு மீளவே இல்லை. கணக்கு டீச்சர் பீரியட் கேட்டு வந்து நின்றபோது, "எடுத்துக்கோங்க" என்றார். கணக்கு டீச்சருக்கே பயம் வந்துவிட்டது. சண்டை போடாமல் கிடைத்த பீரியடில் அவருக்குக் கணக்கு ஓடவில்லை.

மாஸ்டருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. சொல்வது புரிந்தது, திருப்பிச் சொல்ல வாயில் எதுவும் இல்லை. பயிற்சி கொடுக்க வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்த பிசியோ பெண் முதல் நாளே மூடி மறைக்காமல் சொன்னாள்.

"முதல் ஆறு மாசம்தான்மா முக்கியம். கையோ பேச்சோ வர்றதா இருந்தா பெரும்பாலும் அதுக்குள்ள ஒரு சின்ன அறிகுறியாவது காட்டிடும். அதுக்கப்புறம் வராதுன்னு இல்ல. ஆனா நான் உங்களுக்குப் பெரிசா ஆசை காட்ட மாட்டேன்."

ஒரு கை, ஒரு சொல். இரண்டில் ஒன்றாவது ஆறு மாதத்துக்குள் அசைய வேண்டும். டீச்சரின் உலகம் அவ்வளவுதான் என்றாகிவிட்டது.

முதல் நாள் டீச்சர் பழக்க தோஷத்தில் மாஸ்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வலது கை மேலே!" என்று இடது கையைத் தூக்கினார். மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். தன்னுடைய இடது கையைத் தூக்கினார். பிசியோ பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா இருக்கற கைக்கே எக்சர்சைஸ் குடுக்கறீங்களேம்மா! எதிர்ல உட்காராதீங்க, அவர் குழம்பிடுவார். பக்கத்துல உட்காருங்க. வலதுன்னா உங்க வலதையே தூக்குங்க."

அன்றிலிருந்து டீச்சர் மாஸ்டருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார், காரில் கற்றுக்கொள்பவர்கள் உட்காரும் பக்கம். கணவரின் வலது கையைத் தன் இடது கையால் தாங்கிக்கொண்டு, தன் வலது கையையும் கூடவே தூக்குவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எட்டு வரை. எட்டில் கை உச்சியில் நிற்கும். பிறகு, "கை இறக்கு." காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் நாற்பது தடவை, மாலையில் எண்பது. மைதானக் குரலில்தான் எண்ணுவார், வேறு குரலில் எண்ண அவருக்கு வராது. மாஸ்டர் உதட்டை அசைக்காமல் சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் மாதம் கால் வந்தது. கைத்தடியோடு கழிவறை வரை போனார். கை வரவில்லை. பிசியோ பெண் ஊசி முனையால் விரலைத் தொட்டு, "தெரியுதா சார்?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார், இல்லை என்று. பக்கத்தில் நின்ற டீச்சருக்கு, என்னைக் குத்திக் கேட்டாலும் நான் இப்படித்தான் ஆட்டுவேன் என்று தோன்றும். சாப்பாடு உப்பா காரமா என்று தெரியவில்லை. தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை.

பகலில் மாஸ்டரைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வந்துவிடுவாள். நல்லவள்தான், மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கண்ணன் இப்படிக் கிடக்குறாரு, நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கல."

"நேரம் இல்லம்மா" என்றார் டீச்சர். அது பொய்யும் இல்லை.

ஆறு மாதம் முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கென்று பார்த்து ஆண்டு விழாக் கூட்டுப் பயிற்சியின் ஒத்திகை. இருநூற்று நாற்பது பிள்ளைகள், மைதானம் முழுக்கச் சுண்ணாம்புப் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிள்ளை. டீச்சர் மேடை மேல் ஏறினார். விசில் ஊதினார்.

"வலது கை மேலே!"

அவருடைய வலது கை மேலே போனது.

ஆறு மாதமாக வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று பிரித்து வைத்திருந்தது அன்று கலந்துவிட்டது. காதால் கேட்ட பெரிய பிள்ளைகள் வலது கையைத் தூக்கினார்கள். கண்ணால் பார்த்த சின்னப் பிள்ளைகள் இடது கையைத் தூக்கினார்கள். "பக்கவாட்டில் சாய்!" என்றதும் ஒரு பாதி இந்தப் பக்கம் சாய, மறு பாதி அந்தப் பக்கம் சாய, நடு வரிசையில் இரண்டு தலைகள் ணங்கென்று மோதிக்கொண்டன. மைதானமே கொல்லென்று சிரித்தது.

முன் வரிசையில் முன்பல் விழுந்த ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், நீங்க தப்பா காட்டுறீங்க!" என்று கத்தியது.

டீச்சர் மறுபடி ஊதினார். மறுபடி வலது. மூன்றாம் தடவை, தூக்குவதற்கு முன் தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார். எது வலது என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். டீச்சர் கையைப் பார்த்தபடியே நின்றார்.

தலைமையாசிரியை மேடைக்கு வந்தார். கண்டிப்பான பெண்மணி. அன்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க டீச்சர்."

"அலமாரி பூட்டணும்."

"நான் பூட்டுறேன். பந்தையும் எண்ணிக்கறேன். சாவியக் குடுங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு டீச்சர் நடந்தார்.

கதவைத் திறந்த நாத்தனார், "என்ன அண்ணி, இந்த நேரத்துல?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "காலைல பிசியோ வந்துட்டுப் போச்சு" என்று மேசை மேலிருந்த அட்டையைக் காட்டினாள். கை: மாற்றமில்லை. பேச்சு: மாற்றமில்லை. போன வாரம் எழுதியதும் அதேதான், அதற்கு முந்தைய வாரமும் அதேதான். நாத்தனார் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை தலையணை மேல் இருந்தது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மடிக்காத துணிகள் குவிந்து கிடந்தன. எடுத்து வைக்கத் தெம்பில்லாமல் டீச்சர் எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க, இன்னைக்கு நான் தப்பா காட்டிட்டேன்" என்றார்.

மாஸ்டர் சாலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"வலதுன்னு சொல்லி வலதையே தூக்கிட்டேன். ரெண்டு புள்ளைங்க முட்டிக்கிச்சு. அப்புறம் எது வலதுன்னே தெரியல. முப்பத்தோரு வருஷம் நின்னவ நான்." விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் துடைத்தார். "முன்னாடி மாதிரி இருந்தா இதை வெச்சே ஒரு வருஷம் கிண்டல் பண்ணியிருப்பீங்க."

வெளியே ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"இன்னைக்கு எக்சர்சைஸ் வேணாங்க. என்னால எண்ண முடியல."

முடியவில்லை என்ற சொல்லை அந்த ஆறு மாதத்தில் அவர் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டு மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஏதோ அசைந்தது. நிமிர்ந்தார்.

மாஸ்டரின் இடது கை மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து டீச்சர் எழப் போனார். மாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். கையை இறக்கினார். மறுபடி தூக்கினார். அவர் பார்வை டீச்சரின் வலது தோள் மேல் இருந்தது. கோணிய வாய் திறந்தது.

"ஒ... ஒண்ணு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

டீச்சரின் வலது கை எழுந்தது. அவர் தூக்கவில்லை. எதிரே ஒருவர் இடது கையைத் தூக்கினால் இந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை வலது கையைத் தூக்கும், அவ்வளவுதான். எது வலது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. வரிசையின் இந்தப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு" என்றார் மாஸ்டர். "மூணு." நாலு நாக்கில் சிக்கியது; இழுத்து வெளியே போட்டார். ஏழு ஏயு என்றுதான் வந்தது. நாத்தனார் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "அண்ணன் பேசுறாரு அண்ணி! அண்ணா, நான் யாரு? சொல்லு, நான் யாரு?" என்றாள்.

மாஸ்டர் தங்கையைப் பார்த்துக் கஷ்டப்பட்டு, "அஞ்சு" என்றார். எண்ணைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. ஆறு மாதமாகக் காலையில் நாற்பது தடவை, மாலையில் எண்பது தடவை காதில் விழுந்த எண்கள் மட்டும்தான் உள்ளே தங்கியிருந்தன. தலையணை மேலிருந்த வலது கை அப்படியே கிடந்தது. பிறகு டீச்சரிடம் திரும்பி, விட்ட இடத்தை முடித்தார்.

"எட்டு."

இருவர் கையும் உச்சியில் நின்றன. இனி "கை இறக்கு" என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் அந்தச் சொல்லைத் தேடினார். உதடு குவிந்தது, விரிந்தது. வரவில்லை. டீச்சர் கையை இறக்காமல் காத்திருந்தார். சொல்லும் வரை இறக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். தோள்பட்டை இழுத்தது. முழங்கை நடுங்கியது. ஆறு மாதம் ஒரு ஆண்பிள்ளையின் கையைத் தாங்கித் தூக்கிய உடம்பு. அதன் நோவெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

"வலிக்குதுங்க" என்றார் டீச்சர். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கையைத் தூக்கியபடியே, முன் வரிசைப் பிள்ளை மாதிரி, வாயைத் திறந்து அழுதார். நாத்தனார் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தாள்.

மாஸ்டர் தன் கையை இறக்கினார். அதைப் பார்த்து டீச்சரும் இறக்கினார். அழுகை நிற்கவில்லை. மாஸ்டர் முன்னால் சாய்ந்து மனைவியின் முழங்கால் மேல் இடது கையை வைத்தார். என்னவோ சொல்ல நினைத்தார். அவரிடம் வேறு சொல் இல்லாததால் இருப்பதையே சொன்னார்.

"ஒண்ணு" என்றார் மெதுவாக. "ரெண்டு."