மூலையில் வைத்த மஞ்சள்

என் அக்காள் கோமதி இறந்துபோனதாகச் சித்தப்பா கொடுத்த தந்தி வகுப்பறைக்கே வந்தது. இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். கணவனை இழந்து அவள் பிறந்த வீடு திரும்பியபின் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லி அழைக்காதவர் அவர். தந்தியில் பெயரைப் போட வேண்டியதாகிவிட்டது.

சங்கரன்கோவிலில் அவளை அறிந்தவர்களுக்கு அந்தப் போர்வை நினைவிருக்கும். யுத்தகாலம்; கூப்பன் இருந்தாலும் துணி கிடைக்காது. பாட்டையா என்று நாங்கள் அழைத்த எங்கள் தாத்தாவை மார்கழிக் குளிர் வாட்டியது. அக்காள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, இனி உடுத்தக் கூடாதென்று மடித்து வைத்திருந்த வண்ணச் சேலைகளை வெட்டினாள். கூறைச் சேலையையும்தான். உள்ளே பழைய வேட்டிகளை வைத்து, கட்டம் கட்டமாக இணைத்து, இருபது நாள் கையாலேயே தைத்தாள். “துணிக்குத் தெரியுமாலே, யாரு உடுத்தினான்னு?” என்றாள் என்னிடம்.

புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் கொடுப்போம். விதவை மஞ்சளைத் தொடலாகாது. திருவாதிரையன்று அவள் போர்வையைக் கொண்டுவந்தபோது, சித்தி மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சித்தப்பா சொன்னார்: “தாலி அறுத்தவ சேலை. அதையா எங்க ஐயா மேல போடுதது?”

பாட்டையா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏட்டி கோமதி, இங்கன வா. மஞ்சளை நீயே வை.”

“வேண்டாம் பாட்டையா. ஏதாவது சொல்லுவாக.”

“சொல்லட்டும். குளிருதது எனக்கா, அவனுக்கா?”

சித்தி பக்கமிருந்த கிண்ணத்தில் அவள் விரலைத் தோய்த்தாள். மூலையில் அழுத்தி வைத்தாள். பாட்டையா அதைப் போர்த்திக்கொண்டே ரத வீதியைச் சுற்றி வந்தார். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், “எம் பேத்தி தைச்சது” என்றார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. சித்தப்பாவை இன்றுவரை மன்னிக்காதவன், இதை மட்டும் மறைப்பது நியாயமல்ல. அக்காள் ஒரே ஒருமுறை கேட்டாள்: “பி.ஏ. படிச்ச வாய்க்கு அன்னைக்கு லீவாலே?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

பாட்டையாவுக்குப் பின் அவளிடம் இருந்த போர்வை இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு தையல்கூட விடவில்லை. மஞ்சள் மங்கியிருக்கிறது, ஆனால் விரல் பட்ட இடம் தெரிகிறது. வரும் வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலைக்கு அக்காள்தான் மஞ்சள் வைப்பாள் என்று சொல்லியிருந்தேன். இனி போர்வையின் அந்த மஞ்சள் மூலையின்மேல் சேலையை வைத்து எடுத்துக் கொடுப்பேன். சித்தப்பாவுக்கும் பத்திரிகை அனுப்புவேன். வந்து பார்க்கட்டும். இந்தமுறை நான் பேசுவேன்.